கருவியைச் செய், பிறகு நெய்

நெசவு பழக வேண்டும் என்றதும் பலர் முதலில் நாடுவது கடையைத்தான். தறிச்சட்டம், ஓடம், சீப்பு, நூல் அனைத்தும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. இதனால் நேரம் மிச்சமாவது உண்மையே. ஆயினும், மாணவர்கள் தங்கள் முதல் நெசவுக் கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்வதுதான் சிறந்தது.

மலாக்கா மாநிலத்து நியாலாஸ் போன்ற சிற்றூர்களிலும் இதற்கான பொருள்களுக்குப் பஞ்சமில்லை. தடித்த அட்டையின் மேல், கீழ் விளிம்புகளில் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டுகள் இட்டுப் பாவு நூலைச் சுற்றினால் தறி தயார். மூங்கில் பத்தையைச் சீவித் தேய்த்தால் ஓடம். ஊடை நூலை நெருக்கப் பழைய சீப்பு போதும். ஓர் அளவுகோலை ஒன்றுவிட்டு ஒரு பாவு நூலின் அடியில் செருகி நிமிர்த்தினால், ஓடம் செல்ல வழி திறக்கும்.

இப்படிச் செய்பவருக்கே கருவியின் நுட்பம் புரியும். வெட்டுகள் சீராக இல்லையென்றால் துணியில் இடைவெளி விழும். மூங்கிலில் சிராய் இருந்தால் நூல் சிக்கும். மெங்குவாங் பாய் முடையும் மலாய்க் கைவினைஞர்கள், சம இடைவெளியில் கூர்முனைகள் பதித்த 'ஜங்கா' என்னும் கருவியால் ஓலையை வகிர்கின்றனர். பாயின் அழகு அக்கருவியிலேயே தொடங்கிவிடுகிறது.

கருவியை ஆராய்பவரே அதை மேம்படுத்தவும் முடியும். 1929ஆம் ஆண்டில், சிறந்த இராட்டை ஒன்றை உருவாக்குபவருக்கு 1 இலட்சம் ரூபாய் பரிசு என அகில பாரத சர்க்கா சங்கம் அறிவித்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர் புதுவகை இராட்டையை வடிவமைத்தார். அவர் பெயராலேயே அது 'அம்பர் சர்க்கா' என வழங்கப்படுகிறது.

வீட்டில் செய்த கருவி திருத்தமாக இராது என்பர் சிலர். அகலமான துணி நெய்ய நல்ல மரத்தறி வேண்டும் என்பதும், கத்தியைக் கையாளும்போது பெரியவர் துணை வேண்டும் என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால், பயிற்சிக்குத் தேவை குறையற்ற கருவியன்று. குறையைக் கண்டறியும் கண். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. தறியைத் தாமே செய்தவருக்கு அந்தச் சாக்கு இல்லை. கோணல் தறியில் இருந்தாலும் கையில் இருந்தாலும் திருத்த வேண்டியவர் அவரே.

ஆகவே, பள்ளிகள் நெசவுப் பயிற்சியைக் கருவி செய்வதிலிருந்தே தொடங்க வேண்டும். வாங்கிய கருவி உடைந்தால் மாணவர் மற்றொன்றை வாங்குவார். தாமே செய்த கருவி உடைந்தால் அதைச் சரிசெய்வார்.