ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிறதுக்குப் பேரு செமினாரா?

செமினார் ஹால்ல லைட்டை அணைச்சாச்சு. திரையில் பதினான்கு வரி, பொடிப்பொடியாக. பேசுகிறவர் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அதே பதினான்கு வரியை ஒப்பிக்கிறார். கடைசி பெஞ்ச் ரீல்ஸுக்குப் போய் பத்து நிமிஷம் ஆச்சு. உங்க காலேஜ்லயும் இதானே பாஸ்?

இப்போ நிலைமை இன்னும் மோசம். முன்னாடி காப்பி அடிக்கவாவது கொஞ்சம் படிக்கணும். இன்னைக்குத் தலைப்பைத் தட்டினாலே ஏ.ஐ இருபது ஸ்லைடைக் கொடுத்துடுது, அதுவும் பளபளன்னு. 'இந்த கிராஃப் என்னப்பா சொல்லுது?' என்று யாராவது கேட்டால்தான் சிக்கல்.

வெறும் போர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. அதனால் ஆபத்தா, இல்லையா என்று பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் 'பயப்பட ஒண்ணுமில்லை' என்கிற தொனி. முக்கியமான விஷயமோ கீழே, பாயின்டுக்குள் பாயின்டாகப் புதைந்து கிடந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். மோதிய துண்டு என்று அந்த ஸ்லைடு கணக்கிட்டதோ 1,920 கன அங்குலம்! பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனாலும் விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே அச்சிட்டு, தொழில்நுட்ப அறிக்கை எழுதவேண்டிய இடத்தில் ஸ்லைடு போடும் பழக்கத்தைக் கண்டித்தது. அடுத்த வருஷமே அமேசானில் ஜெஃப் பெசோஸ், தன் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயின்டுக்குத் தடை போட்டுவிட்டு, 'முழு வாக்கியத்தில் எழுதிக் கொண்டு வாங்க' என்றார்.

அதுக்காக நம்ம காலேஜிலும் தடை போடணுமா? தேவையில்லை. மார்க் போடும் முறையை மாத்தினாலே போதும். டெம்ப்ளேட்டுக்கும் ஸ்லைடு எண்ணிக்கைக்கும் மார்க் இருக்கும்வரை, பசங்க அதைத்தான் செய்வாங்க. முதல் மூணு நிமிஷம் ஸ்லைடே இல்லாம, தமிழோ தங்கிலீஷோ, அவங்க பேசட்டும். அப்புறம் படம் தேவைப்படுற இடத்துல மட்டும் ஸ்லைடு. கேள்விக்குப் பதில் சொல்றதுக்குப் பாதி மார்க். ஏ.ஐ-யால் ஸ்லைடு போட முடியும், அந்தப் பாதியை வாங்கித் தர முடியாது.

உங்க பங்குக்கு? ஸ்லைடு தலைப்பை 'அறிமுகம்', 'முடிவுகள்' என்று வைக்காதீங்க. 'மழைநீரில் பாதி சாக்கடைக்குப் போகுது' என்கிற மாதிரி, நீங்க கண்டுபிடிச்சதையே தலைப்பாக்குங்க. அப்புறம், பவர்பாயின்ட்ல ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டுல 'பி' எழுத்தைத் தட்டினா திரை கறுப்பாகிடும். அந்த நேரத்துல எல்லார் கண்ணும் உங்க மேலதான். அப்போ சொல்ல உங்ககிட்ட ரெண்டு நிமிஷத்துக்கு விஷயம் இருக்கான்னு முந்தின நாள் ராத்திரியே ரூம்மேட்கிட்ட பேசிப் பார்த்துடுங்க.