செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிங்க

1/
காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தம்பிகள் சமீப காலமா அடிக்கடி கேட்கும் கேள்வி: "டாக்டர், பழைய டூ-சீட்டர் ஒண்ணு 15 லட்சத்துக்கு வருது, வாங்கலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இழையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். லட்சக்கணக்கில் காசு போடப் போறவங்க பத்து நிமிஷம் ஒதுக்கலாம்.

2/
முதலிலேயே என் கருத்தைச் சொல்லிடுறேன். அழகான கார் மேல ஆசைப்படுறது தப்பு இல்ல. ஆனா பட்ஜெட் 10 முதல் 20 லட்சம், வீட்டில் குழந்தை இருக்கு, இருக்கப்போறது இது ஒரே கார் என்றால், பத்து வயசு தாண்டிய இறக்குமதி கூபேயோ ரோட்ஸ்டரோ வாங்காதீங்க. காசு ஒரு காரணம். உயிர் இன்னொரு காரணம்.

3/
பெயர்க் குழப்பம் முதலில் தீரட்டும். கூபே என்றால் இரண்டு கதவு, பின்பக்கம் சாய்ந்து இறங்கும் கூரை. ரோட்ஸ்டர் என்றால் இரண்டே சீட், திறந்து மூடும் கூரை. உலகத்தில் அதிகம் விற்ற ரோட்ஸ்டர் மஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்தது, 10 லட்சத்துக்கும் மேல் தயாரிச்சுட்டாங்க. விலை குறைவான, எளிமையான ஸ்போர்ட்ஸ் கார். அது நம்ம ஊர் ஷோரூமுக்கு வரவே இல்ல. நம்ம பிரச்சினையே இங்கதான் ஆரம்பம்.

4/
இங்க புதுசா கிடைப்பதெல்லாம் மேல்தட்டு விலை. எம்ஜி சைபர்ஸ்டர், பேட்டரி ரோட்ஸ்டர், 2025இல் சுமார் 75 லட்சத்துக்கு வந்தது. பிஎம்டபிள்யூ இசட்4 2023இல் சுமார் 90 லட்சத்துக்கு வந்தது. வேடிக்கை என்னன்னா, பிஎம்டபிள்யூ தொழிற்சாலை 2007லிருந்து மகிந்திரா சிட்டியில் ஓடுது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு ரோட்டில் போனா பக்கம்தான். ஆனா இசட்4 அங்க தயாராகல. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் தயாராகி, முழு காராகக் கப்பலில் வந்து, இறக்குமதி வரி கட்டி இறங்கியது.

5/
அதுக்கு மேல நம்ம மாநில சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். 90 லட்சம் கார் என்றால் 18 லட்சம் வரி. அந்த வரிப் பணத்துக்கே ஒரு நல்ல புது கார் வந்துடும்! அதனாலதான் எல்லாருடைய கண்ணும் செகண்ட் ஹேண்ட் பக்கம் போகுது.

6/
"நம்ம ஊரில் இப்படி கார் செய்யவே இல்லையா?" செஞ்சாங்க. பெருங்களத்தூரில், 2019 வரைக்கும் நம்ம காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த இடத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரிச்சது. இரண்டு கதவு. வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கேலொட்டி. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ரோட்ஸ்டர் வந்தது. இங்க என்ன ஆச்சு? 1960களின் கடைசியில் ஹெரால்டு நாலு கதவு காராக மாறிடுச்சு. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஏறி இறங்குற வீட்டுக்கு இரண்டு கதவு எப்படிப் பத்தும்?

7/
அப்புறம் 1990களின் கடைசியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஒரு குட்டி டூ-சீட்டர் வந்தது. ஃபைபர் பாடி, ரெனோவின் சின்ன எஞ்சின். பார்க்க அழகு. ஆனா வாங்கினவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். ஆக, இந்த நாட்டில் விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் என்பது முளைக்கும்போதே வாடிய பயிர். இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கிறது பெரும்பாலும் ஒரு காலத்தில் 40, 50 லட்சத்துக்கு விற்ற ஜெர்மன் கார், இப்ப 15 லட்சத்துக்கு.

8/
விலை குறைஞ்சது காருக்கு மட்டும்தான். பாகங்களுக்குக் குறையல. கியர்பாக்ஸ், கூரையை மடக்கும் மோட்டார், சஸ்பென்ஷன் எதை மாத்தினாலும் 50 லட்சம் காருக்கான பில்தான் வரும். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது. அங்குசத்துக்குக் காசில்லன்னா யானை வாங்கக் கூடாது. வருஷத்துக்கு 2 லட்சம் ரிப்பேருக்கென்று தனியா எடுத்துவைக்க முடியுமா? முடியாதுன்னா இங்கேயே நிறுத்திக்கலாம்.

9/
இனி என் துறை. பழைய காரில் பணம் பத்தலன்னா முதலில் தள்ளிப்போடுறது எதை? ஏசியைச் சரி பண்ணிடுவாங்க, பெயின்ட் அடிச்சிடுவாங்க. டயர், பிரேக், ஏர்பேக் எல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்". 10 வருஷக் கார் 250 குதிரைத்திறனோட, தேய்ஞ்ச டயர்ல, பொன்னேரிக்கரை தாண்டி பெங்களூர் ஹைவேயில் ஏறுது. இந்த இடத்தில்தான் எனக்குப் பயம்.

10/
ஒரு சின்னக் கணக்கு. வேகம் இரட்டிப்பானா மோதும் ஆற்றல் இரட்டிப்பு இல்ல, நாலு மடங்கு. 60இல் மோதுறதுக்கும் 120இல் மோதுறதுக்கும் அவ்வளவு வித்தியாசம். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் 28 மீட்டர் ஓடும். போன் திரையை இரண்டு விநாடி பார்த்தா, 56 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டின மாதிரி.

11/
நியாயமாகவும் பேசணும். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ஆபத்து என்று நான் சொல்லல. நல்ல நிலையில் இருந்தா அது சாதாரணக் காரைவிட நல்லா பிரேக் பிடிக்கும், நல்லா திரும்பும். என் எதிர்ப்பு இரண்டுக்கு மட்டும்: காரோட நிலை, அதை நாம பயன்படுத்துற விதம்.

12/
பயன்படுத்துற விதம் என்றால்? இரண்டு சீட் கார். வீட்டில் கணவன், மனைவி, மூணு வயசுக் குழந்தை. ஞாயித்துக்கிழமை கிளம்பும்போது குழந்தை எங்க உட்காரும்? அம்மா மடியில், முன் சீட்டில். இதை நான் ரோட்டில் தினமும் பார்க்கிறேன். நீங்களும் பார்க்கிறீங்க.

13/
ஏர்பேக் கண் சிமிட்டும் நேரத்தைவிட வேகமா விரியும். பெல்ட் போட்டு, தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவங்களுக்காக அளவெடுத்து வச்சது அது. மடியில் இருக்கும் குழந்தையின் தலையும் கழுத்தும் நேரா அது வெடிக்கும் இடத்தில் இருக்கு. ஏர்பேக் இல்லன்னா டேஷ்போர்டு. "நான் கெட்டியா பிடிச்சுப்பேன்" என்று தயவுசெஞ்சு சொல்லாதீங்க. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நிற்கும்போது, 12 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்தும் பலம் உலகத்தில் எந்தக் கைக்கும் கிடையாது. அம்மா கைக்கும்தான்.

14/
அதனால என் விதி: வீட்டில் குழந்தை இருந்து, ஒரே கார்தான் என்றால், அது டூ-சீட்டராக இருக்கக் கூடாது. குழந்தைக்குப் பின் சீட், அதில் சைல்டு சீட். இதில் பேரம் இல்ல.

15/
"வீட்டில் வேற கார் இருக்கு டாக்டர், இது எனக்கு மட்டும், ஆசைக்கு" என்று சொல்றீங்களா? சரி. அப்ப பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்குங்க. பட்டுப்புடவை வாங்கும்போது ஜரிகையை உரசி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு பார்க்கிற ஊர் இது. காருக்கும் உரசிப் பார்க்க வழி உண்டு.

16/
முதல் சோதனை, வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், இரண்டு தடவையும் சென்னையில் ஏகப்பட்ட கார் தண்ணியில் நின்றது. தாழ்வான கார் சீக்கிரம் மூழ்கும். கழுவி, பாலிஷ் போட்டா வெளியே ஒண்ணும் தெரியாது. ஆனா ஏர்பேக் சென்சார், ஒயர் இணைப்புகள் உள்ளே துருப்பிடிச்சிருக்கும். மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். சீட் பெல்ட்டை முழுசா கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சேற்றுக்கோடு இருக்கா? ஸ்டெப்னி இடத்துக்கு அடியில் வண்டல் இருக்கா? மேட்டைத் தூக்கினா முடைநாற்றம் வருதா? ஒண்ணு இருந்தாலும் கிளம்பிடுங்க.

17/
இரண்டாவது, ஏர்பேக் விளக்கு. சாவி போட்டதும் சில விநாடி எரிஞ்சு அணையணும். அணையவே இல்லன்னா கோளாறு. எரியவே இல்லன்னா அது இன்னும் மோசம்: விளக்கை யாரோ கழட்டியிருக்கலாம். வெடிச்ச ஏர்பேக்கை மாத்தாம மூடியை மட்டும் ஒட்டி விக்கிறவங்க உண்டு.

18/
மூணாவது, டகாட்டா ஏர்பேக். ஹோண்டா, டொயோட்டா, பிஎம்டபிள்யூ உட்படப் பல கம்பெனி கார்களில் இருந்தது. அதுக்குள்ள இருக்கும் ரசாயனம் வெப்பத்திலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டுகளை முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சும். கார் வரலாற்றிலேயே மிகப் பெரிய ரீகால் இது. வெப்பமும் ஈரமும் நம்ம ஊரில் குறைவா என்ன? 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, ரீகால் வேலை முடிஞ்சதான்னு கேளுங்க. காசு ஆகாது.

19/
நாலாவது, டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. ஷோ காராக நிழலில் நின்ற வண்டியின் டயர் பளபளன்னு பட்டன் தேயாம இருக்கும். வயசு மட்டும் பத்து. ரப்பர் வயசானா கெட்டிப்பட்டு ஹைவே வேகத்தில் பிரியும். நாலு டயரும் மாத்தும் செலவை விலையில் கழிச்சுப் பேசுங்க.

20/
ஐந்தாவது, ஒட்டுப்போட்ட பாடி. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனியாக நெய்து கோர்வையில் சேர்ப்பது பலம், பெருமை. காரில் அடிபட்ட முன்பாதியையும் இன்னொரு காரின் பின்பாதியையும் வெல்டிங்கில் சேர்த்தா அது எமன். லிஃப்ட்டில் தூக்கி அடிப்பக்கம் பாருங்க. கூரை இல்லாத காருக்கு அடிப்பக்கம்தான் முதுகெலும்பு. அங்க வெல்டிங் தழும்பு, புது பெயின்ட் இருந்தா வேண்டாம்.

21/
ஆறாவது, பேப்பர். டெல்லியில் டீசல் காருக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று இருந்த கட்டுப்பாட்டால் நிறைய வண்டி அங்கிருந்து மலிவா தெற்கே வந்தது. வெளிமாநில வண்டிக்கு என்ஓசி, அதாவது படிவம் 28 வேணும். 12 மாசத்துக்கு மேல இங்க ஓடினா இங்க பதிவும் வரியும் வேணும். அந்தத் தொகையை ஆர்டிஓ ஆபீஸில் முன்னாடியே விசாரிங்க. தனியார் இறக்குமதி என்றால் சுங்க ஆவணம் கேளுங்க. 2025 செப்டம்பரில் கேரளாவில், பூடான் வழியாக முறைகேடாக வந்ததாகச் சொல்லி சுங்கத்துறை பல சொகுசு கார்களைப் பறிமுதல் செஞ்சது நினைவிருக்கட்டும். பெயர் மாறின 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாத்திடுங்க.

22/
இதெல்லாம் தலைவலி என்றால், பின் சீட்டோடு ஸ்டைலும் கிடைக்கும் வழி இருக்கு. சாய்ந்த கூரை வேணுமா? 2024இல் வந்த டாடா கர்வ் பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம், சிட்ரோயன் பசால்ட் 4 நட்சத்திரம். ஓட்டும் சுகம் வேணுமா? ஹூண்டாய் ஐ20 என் லைன் டர்போ, நம்ம மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகுது, 6 ஏர்பேக். ரோட்ஸ்டர் ஆகாதுதான். ஆனா வாரன்டி உண்டு, நாலு பேர் போகலாம். தேர் சமயத்தில் ராஜவீதி வேகத்தடையில் அடி தட்டாது.

23/
"வாழ்றது ஒரு தடவை டாக்டர்" என்பீங்க. அதையேதான் நானும் சொல்றேன். விபத்தில் அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு, 108 இருக்கு, ராத்திரி முழுக்க நாங்க இருக்கோம். ஆனா உடைஞ்ச தண்டுவடத்தைப் பழைய மாதிரி ஆக்கும் மருந்து எங்ககிட்ட இல்ல. எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி உங்களைக் காப்பாத்தும் பொருள் மூணு: பெல்ட், டயர், உங்க வலது கால்.

24/
சுருக்கமா: குழந்தை இருக்கும் வீட்டின் ஒரே கார் டூ-சீட்டர் வேண்டாம். வருஷம் 2 லட்சம் ஒதுக்க முடியலன்னா பழைய ஜெர்மன் கார் வேண்டாம். விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் லிஃப்ட்டில் தூக்கிப் பார்க்காம அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட வேண்டாம். "நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க" என்று அவசரப்படுத்தினா, அந்தப் பார்ட்டியே வாங்கிக்கட்டும்.

25/
கார் பார்த்து வச்சிருக்கவங்க மாடல், வருஷம், கேட்கும் விலையைக் கீழே போடுங்க. மெக்கானிக் நண்பர்கள், ஏற்கெனவே டூ-சீட்டர் வச்சிருக்கவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. நான் விட்டது ஏதாவது இருந்தா சேருங்க. யார் வீட்டிலாவது குழந்தை முன் சீட்டில் மடியில் போகுதுன்னா, 12, 13, 14 மூணையும் மட்டுமாவது அவங்களுக்கு அனுப்புங்க.