தாத்தாவுக்கு எத்தனை வயது?



நமது மலையகத் தோட்டங்களில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றி வருகின்றது. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் தொழில் புரியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாத்தாவின் பிறந்தநாளுக்கென்றே விடுமுறை பெற்று லயத்துக்கு வருகின்றனர். காலையில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, மாலையில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வாங்கிய கேக்கை நடுவில் வைத்து, அயலவரை அழைத்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, கேக் வெட்டும் கத்தியைக் கூச்சத்தோடு பிடிக்கும் காட்சி நெஞ்சை நெகிழ்விக்கின்றது. இதனை வீண் ஆடம்பரம் என்போரோடு நாம் உடன்படவில்லை.

ஆயினும் தாத்தாவின் அடையாள அட்டையிலுள்ள திகதியைச் சற்று உற்று நோக்குவோம். பல வேளைகளில் அது அவர் பிறந்த நாளே அன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவருக்கு எப்போதோ ஒரு கந்தோரில் உத்தேசமாக எழுதப்பட்ட நாளாக இருக்கலாம். பெற்ற தாயோ, பெருமழைக்கு முன், மேல்மலையில் கவ்வாத்து நடந்த மாதம் என்றுதான் நினைவில் வைத்திருந்திருப்பார். பெயரின் கதையும் இதுவே. தோட்டத்துப் பதிவில் ஒரு விதமாகவும் அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டதால், தம் சேமலாப நிதியைப் பெற அலைந்தவர்களை நாம் அறிவோம். ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்று பெயர் வைத்த தோட்டத்தில், தொழிலாளியின் சொந்தப் பெயரைச் சரியாக எழுத ஆளில்லாமல் போயிற்று!

பிறந்த திகதி தெரியாமை ஒரு குறையன்று. நம் ஆண்டவரின் தாத்தா, பாட்டியான புனித சுவக்கின், புனித அன்னா ஆகியோரின் பெயர்கள்கூட விவிலியத்தில் இல்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் பண்டைய நூலொன்றின் வழியாகவே அவை நம்மை வந்தடைந்தன. எனினும் திருச்சபை ஜூலை 26ஆம் நாளில் அவர்களை நினைவுகூர்கின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில், அந்நாளையொட்டி வரும் ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளாக ஏற்படுத்தினார்.

தொடக்கநூலில் பார்வோன், முதியவரான யாக்கோபிடம் வயதைக் கேட்கின்றான். 130 என்று எண்ணைச் சொன்னதோடு யாக்கோபு நிறுத்திக்கொள்ளவில்லை. தம் நாள்கள் துன்பம் நிறைந்தவை, நாடோடியாகக் கழிந்தவை என்பதையும் சொல்லுகின்றார். அடுத்த அதிகாரத்தில் பேரப்பிள்ளைகளான எப்ராயிமுக்கும் மனாசேக்கும் ஆசி வழங்குமுன், தொடர்பற்றதுபோல், வழியில் இறந்த மனைவி ராகேலைப் பெத்லகேம் பாதையோரம் அடக்கம் செய்ததைக் கூறுகின்றார். முதியோரின் பேச்சு அப்படித்தான் வரும். அதைத் தடுமாற்றம் என்று ஒதுக்குவது நம் அவசரமே.

நம் தாத்தாக்களும் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்துவந்த முன்னோரையும், நோயுற்று அப்பாதையோரம் மடிந்தவர்களையும் பற்றி அவர்கள் தம் பாட்டன்மாரிடம் கேட்டிருப்பார்கள். (இருநூறாண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர் மீண்டும் நடந்தனர்.) எண்பதை எட்டிய தாத்தா, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தாயின் இடுப்பில் இருந்த குழந்தை, நாடற்றவர் என்ற பட்டம் அந்தக் குழந்தைக்கும் கிடைத்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்றாயிற்று. ஹட்டனில் கோச்சி ஏறித் தலைமன்னாரில் கப்பல் ஏறியோர் பலர் நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் கொழுந்து கொய்தனர். இங்கே எஞ்சியோர் பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை குடியுரிமை இல்லை. இதற்கிடையே எழுபதுகளின் பஞ்சமும் இருக்கின்றது. அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு மனம் வர நேரமெடுக்கும்.

கேக் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. பின்னர் பேரன் கைத்தொலைபேசியோடு வாசலுக்குப் போய்விடுகின்றான். கொழும்பில் தான் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லக் கூசும் இளையோரும் நம்மிடையே உள்ளனர். அந்தக் கூச்சத்துக்கு மருந்து அதே லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்திருக்கின்றது.

அடுத்த பிறந்தநாளுக்கு முன் பங்கு அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். தாத்தா குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்றிருந்தால், அவருடைய தோட்டம் அந்நாளில் எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது என்பதை முதலில் கேட்டறியுங்கள். பழைய பதிவேட்டில் பிறந்த நாள், திருமுழுக்கு நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகிய விவரங்கள் கிடைக்கக்கூடும். அட்டையிலுள்ள திகதியோடு அது பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம், ஆண்டுக்கு இருமுறை கொண்டாடலாம். ஆனால் அந்த ஞானத்தந்தையின் பெயரைத் தாத்தாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் கப்பலேறினாரா, எந்த ஊருக்குப் போனார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்பதைப் பதிவேடு சொல்லாது. அதைத் தாத்தாதான் சொல்ல வேண்டும்.