பின்கட்டில் சேரும் பிளாஸ்டிக்: குப்பையா, சரக்கா?

வணிகப் பெருமக்களுக்கு முதலில் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். நாம் கொள்முதல் செய்யும் ஒவ்வொரு பெட்டிச் சரக்கிலும், அதைச் சுற்றி வரும் பிளாஸ்டிக்கின் விலையும் அடங்கியிருக்கிறது. எண்ணெய் வந்த கேன், மிட்டாய் வந்த ஜாடி, அரிசி வந்த சாக்கு, தண்ணீர் பாட்டில் கட்டைச் சுற்றி வந்த பாலித்தீன் உறை எல்லாமே நாம் காசு கொடுத்து வாங்கியவை. சரக்கு அலமாரிக்கு ஏறியதும் இவை கடையின் பின்கட்டில் ஒரே குவியலாகச் சேர்ந்து, கடைசியில் குப்பை வண்டிக்கோ தெருமுனைத் தீக்கோ போகின்றன. விலை கொடுத்து வாங்கியதை வீதியில் கொட்டுவது வியாபாரம் ஆகாது.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. தடையை மதித்து நடக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. "இது மறுசுழற்சி செய்த பை, பயமில்லை" என்று கேரி பேக் கட்டுகளைத் தள்ளிவிட யார் வந்தாலும் நம்பிவிட வேண்டாம். நம் மாநிலத்தில் எந்தத் தடிமன் கேரி பேக்கும் தடைக்குள் அடங்கியதே. மேலும், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த பையில் உணவுப் பொருளைப் போடக் கூடாது என்று 1999ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்தது. முந்தைய பிறவியில் அது பூச்சிமருந்து டப்பாவாக இருந்ததா, பெயிண்ட் வாளியாக இருந்ததா என்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் மறுசுழற்சியால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. பெட் பாட்டிலைத் துண்டாக்கிக் கழுவி உருக்கினால் பாலியெஸ்டர் இழை கிடைக்கிறது. அது தலையணைப் பஞ்சாகிறது, துணியாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீலநிற மேல்சட்டை பழைய பெட் பாட்டிலில் இருந்து நெய்ததுதான். அந்தத் துணி நம் கரூரில் தயாரானது. கெட்டியான எண்ணெய்க் கேன்கள் குருணையாகி, வாளியாகவும் குழாயாகவும் திரும்பி வருகின்றன. கிழிந்த சாக்குகள் கயிறாகின்றன. இப்படித் திரும்பும் ஒவ்வொரு கிலோவும் கச்சா எண்ணெயிலிருந்து புதிதாகச் செய்ய வேண்டியதில் ஒரு பகுதியை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் இதில் சிரமங்களும் உண்டு. மளிகைக்காரருக்கு விளங்கும்படி சொல்வதானால், பிளாஸ்டிக் என்பது அரிசி மாதிரி. பெயர் ஒன்று, ரகம் பல. பொன்னியையும் இட்லி அரிசியையும் ஒரே மூட்டையில் கொட்டினால் இரண்டின் விலையும் கிடைக்காது. கெட்டிக் கேன் சுமார் 130 டிகிரி வெப்பத்தில் இளகிவிடும். பெட் பாட்டில் இளகச் சுமார் 250 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் போட்டால், ஒன்று இளகாமல் நிற்கும் அல்லது மற்றது கருகிப் போகும். பெட் சரக்கில் பி.வி.சி. துண்டு கொஞ்சம் கலந்தாலும் அது சிதைந்து அமிலம் கக்கி முழுச் சரக்கையும் மஞ்சளாக்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் சேர்ந்தால் கழுவும் கூலி ஏறும். பல நிறங்கள் கலந்தால் கறுப்புப் பொருள்தான் செய்ய முடியும். அதற்கு விலையும் மட்டம். தவிரவும், உருக்க உருக்கப் பிளாஸ்டிக்கின் பலம் குறையும். ஆகவே மறுசுழற்சி என்பது எத்தனை முறையும் சுழலும் சக்கரம் என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கேதான் கடைக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. வீட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் சோற்றோடும் சாம்பாரோடும் கலந்து வருகிறது. நம் பின்கட்டில் சேர்வதோ பெரும்பாலும் காய்ந்த, சுத்தமான சரக்கு. ஒரே ரகமாகவும் நிறைய சேர்கிறது. பிரித்து வைத்தால் பழைய சாமான் வியாபாரி அதற்கு வேறு விலை சொல்வார்.

பிரச்சினையெல்லாம் சரம் சரமாகத் தொங்கும் சாஷே பாக்கெட்டுகளில் இருக்கிறது. ஷாம்பைச் சிறு பாக்கெட்டில் விற்று ஏழை வீடு வரை கொண்டுபோன முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். அந்த முறையால் சிறு கடைகள் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்த வகைப் பாக்கெட் பலவற்றில் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால், பிரித்து உருக்கி மீண்டும் பாக்கெட் ஆக்குவது நடைமுறையில் இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழியில் மெல்லிய பிளாஸ்டிக் கழிவைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவித் தார்ச்சாலை போடலாம். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிமெண்ட் ஆலை உலைக்கும் இவற்றை அனுப்புகிறார்கள். ஆனால் அது எரிப்பதே தவிர மறுசுழற்சி அல்ல.

இதற்குப் பொறுப்பு யார்? 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், பேக்கிங் செய்து விற்கும் உற்பத்தியாளரும் பிராண்டு உரிமையாளருமே கழிவைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்புடையவர்கள் என்று சொல்கின்றன. 2022 பிப்ரவரியில் அதற்கான இலக்குகளும் வகுக்கப்பட்டன. சட்டம் இப்படி இருக்கும்போது, கவருக்காகச் சிறு கடைக்காரர் அபராதம் கட்டுகிறார். சாஷே அனுப்பிய கம்பெனியின் வண்டியோ காலியாகத் திரும்பிப் போகிறது. இது என்ன நியாயம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு கேட்க வேண்டுமானால், நம் பின்கட்டு முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இதுதான். ஒவ்வொரு கடையிலும் நான்கு பழைய சாக்குகளை மாட்டுங்கள். பெட் பாட்டிலும் பெட் ஜாடியும் ஒன்றில். கவிழ்த்து வடித்த கெட்டிக் கேன்கள் ஒன்றில். நிறமற்ற பாலித்தீன் உறைகள் ஒன்றில். கிழிந்த அரிசி, சர்க்கரைச் சாக்குகள் ஒன்றில். கடைப் பையனுக்கு ஒரே நாளில் பழகிவிடும். தனிக் கடையில் சேர்வது சொற்பமாக இருக்கலாம். ஒரு கடைவீதி முழுவதும் சேர்ந்து, வாரம் ஒரு நாள் ஒரே தராசில் நிறுத்துக் கொடுத்தால், குருணை தயாரிப்பவரே நேரில் வண்டி அனுப்புவார். கிளைச் சங்கங்கள் இதை முன்னின்று நடத்த வேண்டும்.

கூடவே, சாஷே பாக்கெட்டுகளுக்கு ஐந்தாவதாக ஒரு பெட்டி வைத்து, சரக்கு இறக்க வரும் கம்பெனி ஏஜென்டிடம் அதைத் திரும்ப எடுத்துச் செல்லும்படி சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். ஒரு கடை கேட்டால் சிரிப்பார்கள். ஒரு மாவட்டமே கேட்டால் மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி அனைத்துக் கிளை நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.