இணையவழிப் பாடநெறிகளும் மறைக்கப்படும் உழைப்பும்

கல்வி உழைப்பின் விளைபொருள். கற்பிப்போர் உழைப்பும் கற்போர் உழைப்பும் ஒருங்கே கூடாதவிடத்துக் கல்வியின் பெயர் எஞ்சுமேயன்றிக் கல்வி எஞ்சாது. இவ்வெளிய உண்மை இன்று மறக்கப்பட்டு வருகின்றது. இணையவழிப் பாடநெறி மலிவானது, இலகுவானது, ஒருமுறை பதிவேற்றினாற் போதுமானது என்னும் கருத்து, நிருவாகிகளிடமும் ஆசிரியர் சிலரிடமும் ஏன், மாணவர் சிலரிடமுங்கூட வேரூன்றியுள்ளது. இக்கருத்து தவறானது, தவறானது மட்டுமன்றி, வறிய மாணவனுக்குத் தீங்கு விளைப்பதுமாகும்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் சில வாரங்களுக்குள் திரைக்கு மாறின. வேறு வழியற்ற அவ்வேளையில் அது பாராட்டத்தக்க முயற்சியே. ஆயின் அவசரத்திற் செய்யப்பட்ட ஒன்று அவசரம் நீங்கிய பின்னரும் முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது எவ்வகையில் நியாயமாகும்? அதே 2020 மார்ச்சில் அமெரிக்கக் கல்வியியலாளரான சார்ள்ஸ் ஹொட்ஜஸும் அவர்தம் சகாக்களும், நெருக்கடிக்காலத் தொலைக் கற்பித்தல் வேறு, திட்டமிட்ட இணையவழிக் கல்வி வேறு என வரையறுத்தனர். முழுமையான இணையவழிப் பல்கலைக்கழகப் பாடநெறியொன்றை ஆயத்தஞ்செய்ய, அது தொடங்குவதற்கு முன்னரே ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வேண்டும் என்பது அவர்கள் கூற்று. வாரங்களுக்கும் மாதங்களுக்கும் இடைப்பட்ட இவ்வெளியிலேதான் உழைப்பு மறைக்கப்படுகின்றது.

வகுப்பறை விரிவுரைக்கு ஆயத்தம் வேண்டாமென எவரும் கூறார். ஆயின் அவ்வாயத்தம் தவணை முழுவதும் பரவிக் கிடப்பது. அடுத்த வாரத்துக்குரியதை இவ்வாரம் ஆயத்தஞ்செய்யலாம். மாணவர் முகத்திற் குழப்பந் தோன்றின் அக்கணமே வேறோர் உதாரணங் கூறலாம். இணையவழியில் அம்முகம் இல்லை. எவ்விடத்து ஐயம் எழும், எவ்விடத்துக் கவனம் சிதறும் என்பனவற்றையெல்லாம் முன்னரே கணித்து விளக்கம், பயிற்சி, விடைக்குறிப்பு ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். 2010இல் அமெரிக்காவின் சப்மன் அலையன்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, நேரடிப் பயிற்சியின் ஒரு மணித்தியாலத்திற்குச் சராசரி 43 மணித்தியால ஆயத்தமும், மிக எளிய இணையப் பாடத்தின் ஒரு மணித்தியாலத்திற்கு 79 மணித்தியாலமும், ஓரளவு ஊடாட்டமுள்ள பாடத்திற்கு 184 மணித்தியாலமும் செல்வதாகக் கண்டது. அது தொழில் நிறுவனப் பயிற்சிகளைப் பெரிதும் சார்ந்த கணக்கு. பல்கலைக்கழகத்துக்கு அப்படியே பொருந்தாது. எனினும் பாரம் எப்பக்கம் சாய்கின்றது என்பதை அது ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது.

மட்டக்களப்பு மண்ணில் வாழ்வோருக்கு இதனை விளக்க அமெரிக்கக் கணக்கும் வேண்டுவதில்லை. சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல மாத உழைப்பின் பின்னரே கூத்து அரங்கேறும். வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட இக்கூத்தினைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது செய்தது யாது? அண்ணாவியாரை மேடையில் நிறுத்தித் திரையைத் தூக்கியதோடு அவர் அமையவில்லை. கதை சுருக்கப்பட்டது, ஆட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஒருபக்கம் அமர்ந்திருக்கும் பார்வையாளருக்கேற்ப அசைவுகள் மாற்றப்பட்டன. 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என அவை வெற்றிபெற்றமைக்கு அவ்வுழைப்பே காரணம். களம் மாறின் கலை மறுபடியும் ஆக்கப்படல் வேண்டும். கூத்துக்கு உணரப்பட்ட இவ்வுண்மை விரிவுரைக்கு மாத்திரம் மறுக்கப்படுவதேன்?

செய்யப்படாத உழைப்பு மறைந்து போவதில்லை. அது வேறொருவர் தோளுக்கு மாறுகின்றது. இரண்டு மணித்தியால விரிவுரையை அவ்வாறே ஒளிப்பதிவு செய்து அனுப்புதல் ஆசிரியருக்கு எளிது. படுவான்கரைக் கிராமமொன்றில், சமிக்ஞை கிட்டும் மரத்தடியைத் தேடிச் செல்லும் மாணவிக்கோ அது பணமும் பொழுதும் கண்பார்வையும் கேட்கும் சுமை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாடு இது. அதே விடயத்தைப் பத்து நிமிட ஒலிப்பதிவுகளாகவும், சிறு அளவிலான எழுத்துப் பாடங்களாகவும் மாற்றின் அம்மாணவி பயில்வாள். ஆனால் மாற்றுதற்கு எவரேனும் உழைத்தாக வேண்டும். ஆங்கிலமொழிப் பாடங்களுக்கு உலகெங்கும் ஆயத்தமான வளங்கள் உள. தமிழ்மொழி மூலக் கலைப்பீடப் பாடங்களுக்கோ கலைச்சொல் முதற்கொண்டு அனைத்தையும் ஆக்கவேண்டியுள்ளது.

ஒருமுறை ஆக்கினாற் பல ஆண்டுகள் பயன்தரும், எனவே செலவு குறையும் என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. 1969இல் நிறுவப்பட்டு 1971இற் கற்பிக்கத் தொடங்கிய பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் அவ்வாறே இயங்கியது. ஆனால் அங்கே ஒரு பாடநெறியை உருவாக்கியது தனியொரு விரிவுரையாளர் அல்லர். பாட அறிஞர், பதிப்பாசிரியர், ஒலிபரப்பாளர் சேர்ந்த குழு. முதலாண்டிலேயே 20,000க்கு மேற்பட்ட மாணவர் அதன் பயனைப் பெற்றனர். அக்குழுவுமின்றி அத்தொகையுமின்றி, ஒரு விரிவுரையாளரின் இரவுத் தூக்கத்தை மாத்திரம் மூலதனமாகக் கொண்டு அதே பயனை எதிர்பார்ப்பது, விதையாத வயலில் அறுவடைக்கு நாட்குறிப்பதை ஒக்கும்.

இலங்கைத் தகைமைச் சட்டகம் ஒரு திறமைப்புள்ளிக்கு மாணவர் 50 மணித்தியாலம் கற்றல் வேண்டும் எனக் கணக்கிடுகின்றது. மாணவர் பொழுதை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆசிரியர் பொழுதையும் எண்ணுதல் அரிதன்று. இணையவழிப் பாட ஆக்கம் கற்பித்தற் கடமையின் பகுதியாகக் கணிக்கப்படல் வேண்டும். அதனை மேற்கொள்வோருக்கு அத்தவணையில் விரிவுரைச் சுமை குறைக்கப்படல் வேண்டும். கிழக்கு, தென்கிழக்கு, யாழ்ப்பாணம், வவுனியா, பேராதனை, திறந்த பல்கலைக்கழகம் என்பன பொதுவான தமிழ்மொழிப் பாடங்களைக் கூட்டாக ஆக்குதல் வேண்டும். ஒரே பாடத்தை ஆறு இடங்களில் ஆறு பேர் அரைகுறையாகச் செய்வதிலும், அறுவர் கூடி ஒன்றைச் செம்மையாகச் செய்தல் மேலன்றோ? இவற்றுக்கு இயலாதெனின் இணையவழி என்னும் பெயரைக் கைவிட்டு, வகுப்பறையையே செப்பஞ்செய்தல் நேர்மையான செயலாகும்.

மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்படும் வரை, வாவியின் இரு கரைகளையும் பாதையே இணைத்தது. கட்டுவோர் உழைப்பு நிகழாத அக்காலமெல்லாம், கடப்போரே துறையிற் காத்துநின்று அதன் விலையைச் செலுத்தினர். இன்று திரையின் முன் காத்திருக்கும் மாணவர் செலுத்துவதும் அவ்விலையே. கட்டவேண்டியோர் கட்டட்டும்; கட்டுவோர் உழைப்பைப் பல்கலைக்கழகம் கணக்கில் எழுதட்டும்.