ஜாக்கி தூக்கும், தாங்காது



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் நான் போட்ட சத்தம் உங்களில் சிலர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "ரிடையர் ஆகியும் சாருக்குக் கோபம் குறையலையா?" என்று இரண்டு பேர் போனில் கேட்டுவிட்டார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். என்னிடம் படித்த பையன், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். இன்ஜின் அடியில் ஆயில் கசிகிறது. மெக்கானிக்கிடம் போனால் நாள் போகும், காசும் போகும் என்று தானே பார்க்க இறங்கிவிட்டான். டிக்கியில் இருந்த ஜாக்கியைப் போட்டு முன்பக்கம் ஒரு மூலையைத் தூக்கி, பக்கத்தில் ஹாலோ பிளாக் கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தான். மலையடிவாரத் தெரு, லேசான சரிவு. நான் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது வண்டிக்கு வெளியே அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. மேலே டிரைவர் சீட்டில் அவனுடைய சின்ன மகள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"வெளியே வாப்பா" என்றேன். "அஞ்சே நிமிஷம் சார். ஏம் காதுலே" என்றான். நம் எல்லை ஊரில் கோபம் தமிழில் வந்தாலும் சமாதானம் தெலுங்கில்தான் வரும். எந்த மொழியில் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான்: ஒன்றும் ஆகாது. அப்போதுதான் பழைய வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "வெளியே வாடா முதல்ல!" மனைவி, பிள்ளைகள் முன்னால் அவன் முகம் சுண்டிப்போனது. சாயங்காலம் அவனுடைய அம்மா என் வீட்டு அம்மாவிடம் போனில் வருத்தப்பட்டார்கள்.

சத்தம் போட்டது தப்பு, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொன்ன விஷயம் தப்பில்லை. அதைப் பொறுமையாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கார் விழவில்லை. "பாருங்க சார், ஒன்னும் ஆகலையே" என்றும் அவன் சொன்னான். எனக்குப் பயம் தருவது அந்த வார்த்தைதான். பத்து முறை தப்பித்தவன் பதினோராவது முறை இன்னும் தைரியமாகப் படுப்பான். ஜாக்கிக்கு அந்தப் பத்து முறை ஞாபகம் இருக்காது.

கணக்கைப் பார்ப்போம். சின்னக் கார் ஒன்றின் எடை ஏறக்குறைய 700 முதல் 1000 கிலோ. இன்ஜின் முன்னால் இருப்பதால் பாதிக்கு மேல் முன்பக்கம்தான் அழுத்தும். ஒரு முன்மூலைக்கு 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்து. அது நெஞ்சின்மேல் இறங்கினால் எலும்பு முறியாவிட்டாலும் மார்பு விரிய முடியாது. மார்பு விரியாவிட்டால் மூச்சு இல்லை. மூச்சு இல்லாவிட்டால் குரலும் இல்லை. வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்றுவதற்குக் கொடுத்தது. அதன் அடித்தளம் உள்ளங்கை அகலம்தான். வண்டி நாலு விரல் நகர்ந்தால் ஜாக்கியின் தலை வண்டியோடு போகும், கால் தரையிலேயே நிற்கும், சாய்ந்துவிடும். ஆயில் ஜாக்கி இன்னும் பலசாலி, ஆனால் அதற்குள் எண்ணெயை அடைத்து வைத்திருப்பது சின்ன ரப்பர் சீல்தான். அது தேய்ந்தால் வண்டி இறங்கும். ஹாலோ பிளாக் கல்லும் செங்கல்லும் சுவரில் வரிசையாக நின்று சுமை தாங்கும். இரும்பு முனை ஒரே இடத்தில் குத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் பிளந்துவிடும்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன், கியரிலயும் விட்டிருக்கேன்" என்பது அவனுடைய அடுத்த வாதம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் அந்தப் பிடி தரையில் இல்லை. நம் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இழுவை முன்சக்கரத்தில். அதில் ஒன்றைத் தூக்கிவிட்டால், கியரில் இருந்தாலும் அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளும், தரையில் இருக்கும் சக்கரம் உருள வழிவிடும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். ஆக, முன்பக்கம் தூக்கிய வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்துவது ஒரு ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும்.

சரிவை லேசாக நினைக்காதீர்கள். 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில், 'ஸ்டார் டிரெக்' படங்களில் நடித்த ஆன்டன் யெல்ச்சின் என்ற 27 வயது நடிகர், தன் வீட்டு வாசல் சரிவில் நின்ற சொந்தக் கார் உருண்டு வந்து தூணோடு நசுக்கி இறந்துபோனார். அவர் வண்டிக்கு அடியில்கூடப் படுக்கவில்லை.

வீட்டில் வேலையே செய்யாதே என்று நான் சொல்ல மாட்டேன். கையில் கிரீஸ் படாத பிள்ளையைவிட, பட்ட பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும். என் கட்சி ஒன்றே ஒன்று: தூக்குவது ஜாக்கியின் வேலை, தாங்குவது ஸ்டாண்டின் வேலை. டன் கணக்கு குறித்த இரும்பு ஜாக்கி ஸ்டாண்டு ஜோடியாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய ஒரு டேங்க் பெட்ரோல் செலவு. அது இல்லையென்றால் அடியில் போகாதீர்கள். குழியோ லிஃப்டோ இருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள்.

ஸ்டாண்டு இருந்தால் செய்யும் முறை இது. சமமான, கெட்டியான சிமெண்ட் தரை வேண்டும். மண்ணும் வேண்டாம், தெருச் சரிவும் வேண்டாம். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆயுத பூஜைக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்க மறக்காத கைக்கு, இது பெரிய வேலையா? சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால், தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்திவிடுங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் காட்டிய இடத்தில் ஜாக்கி போடுங்கள், ஸ்டாண்டையும் அதில் சொன்ன பலமான இடத்தில் வைத்து, பாரம் அதன்மேல் உட்காரும்வரை வண்டியை மெதுவாக இறக்குங்கள். பிறகு வெளியே நின்று நன்றாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

அதோடு கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்டே கைவிட்டாலும் அது ஒரு இடைவெளி தரும். ஸ்டாண்டும் கைவிடுமா என்றால், விடும். 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற கருவிக் கடை நிறுவனம், பல் நழுவி இறங்கக்கூடும் என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை என்று அதே ஆண்டு மறுபடியும் திரும்பப் பெற்றது. ஒன்றை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டிலிருக்கும் மருமகள்களே, மகள்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் அடியில் இருக்கும்வரை வண்டிக்குள் யாரும் ஏறக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது, சாவி அவர் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் நில்லுங்கள். தப்பித்தவறி வண்டி இறங்கிவிட்டால் ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். தெருவையே கூப்பிட்டு முதலில் வண்டியைத் தூக்குங்கள், அதே நேரத்தில் ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும்.

கடைசியாக என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்கல் விதியை எத்தனை வருடம் நடத்தினேன்! சின்ன பிஸ்டன், பெரிய பிஸ்டன், சிறு விசையால் பெரும் பாரத்தைத் தூக்கலாம் என்று கரும்பலகையில் ஜாக்கி படம் வரைந்து காட்டினேன். அந்தப் படத்துக்குக் கீழே "இதற்கு அடியில் படுக்காதே" என்று ஒரு வரி எழுதியதே இல்லை. கேள்வித்தாளில் வராது என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கத்தியதில் பாதி, என்மேலேயே வந்த கோபம்.

இன்று காலையில் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். மகளும் கூட வந்தாள். காபி குடித்துவிட்டு, "ஸ்டாண்டு ஆர்டர் போட்டுட்டேன் சார், வந்ததும் நீங்களே வந்து பாருங்க" என்றான். போகிறேன். பால் பையோடு இல்லை, இரண்டு மரக்கட்டையோடு.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார், திருத்தணி