கைப்பையைச் சற்று இறக்கி வையுங்கள்



குடும்பமாக உலாப் போகிற எந்த இடத்திலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பிள்ளைகள் ஊஞ்சலில் இருப்பார்கள், வாப்பாமார் பிள்ளைகளோடு இருப்பார்கள். ஒரு மரத்தடியிலோ வாங்கிலோ ஒரு பெண் இருப்பாள். அவளைச் சுற்றி நாலு பை, இரண்டு தண்ணீர்ப் போத்தல், கழற்றிப் போட்ட சப்பாத்து, யாரோ பாதி தின்ற பனிஸ். பெருநாள் கார்னிவலிலும் இதுதான், கடற்கரையிலும் இதுதான். வெளிநாட்டுப் பூங்காக்களில் காசு கட்டினால் பூட்டி வைக்க லொக்கர் தருகிறார்கள். நம் வீடுகளில் அந்த லொக்கருக்கு உம்மா என்று பெயர்.

2023 டிசம்பர் லீவில் மகள் வீட்டுக்கு அபூதாபி போயிருந்தபோது, அங்கே யாஸ் தீவிலுள்ள பெராரி வேர்ல்ட் பூங்காவுக்கு ஒரு நாள் கூட்டிப் போனார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வளைகுடாவில் குடியிருப்பதால் இப்போது அங்கே போய் வரும் உம்மாமாரும் மாமிமாரும் பெருகிவிட்டார்கள். ஆகவே இந்த மாதம் அந்த நாளைப் பற்றியும், அங்கு ஏறுகிற, ஏறாமல் நிற்கிற நம்மைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன்.

2010 நவம்பரில் திறந்த பூங்கா அது. பெரும்பகுதி ஒரே சிவப்புக் கூரையின் கீழ் இருக்கிறது. வெளியே ஆடி, ஆவணியில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் நாட்டில் இப்படிக் கட்டினால்தான் சனம் வரும். உள்ளே குளிர். தொழுகைக்கு இடம் உண்டு, சாப்பாட்டில் ஹலால் பிரச்சினையும் இல்லை. ஆனால் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே பாய்கிற ஒரு வண்டிதான் அங்கே பேச்சு. போர்முலா ரோசா என்று பெயர். நின்ற இடத்திலிருந்து 4.9 செக்கனில் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம். திறந்த காலத்தில் உலகிலேயே மிக வேகமான ரோலர் கோஸ்டர் அதுதான். ஏறுவோர் எல்லோருக்கும் கண்ணாடி மாட்டி விடுகிறார்கள். அந்த வேகத்தில் ஒரு பூச்சியோ மணல் துகளோ கண்ணில் பட்டால் விளையாட்டாக இருக்காது.

வரிசையில் நின்றபோது பேத்தி கேட்டாள், "உம்மும்மா, இதுக்கு எஞ்சினே இல்லையாமே?" உண்மைதான். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் வண்டிக்கென்று எஞ்சின் கிடையாது. பழைய வகையில் ஒரு சங்கிலி வண்டியை மேட்டுக்கு இழுத்துச் செல்லும். உச்சியில் விட்டுவிடும். அதன் பிறகு நடப்பதெல்லாம் இறக்கத்தின் வேலை. ஏறும்போது டக், டக், டக் என்று ஒரு சத்தம் கேட்கும், பலருக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான். உண்மையில் பயப்பட வேண்டாத சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னுக்கு உருளாதபடி படிப்படியாகக் கொளுவிக்கொள்ளும் பற்களின் சத்தம். போர்முலா ரோசாவில் சங்கிலி இல்லை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இயந்திரம் ஒன்று, கப்பலின் தளத்திலிருந்து போர் விமானத்தை எறிகிற மாதிரி வண்டியை எறிந்துவிடுகிறது.

தலைகீழாகச் சுற்றும்போது ஏன் விழுவதில்லை என்று பேரன் கேட்டான். கிணற்றடியில் தண்ணீர் வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றிப் பார்த்த சகோதரிகளுக்கு விடை தெரியும். தண்ணீர் வாளியின் அடியோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டும் சிந்தாது. வண்டியிலும் அதே கதைதான். அதோடு தண்டவாளத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் கவ்விப் பிடிக்கும் சக்கரங்கள் இருக்கின்றன. கீழ்ச் சக்கரத்தை ஜோன் மில்லர் என்ற அமெரிக்கர் 1919 இல் தம் பெயரில் பதிவு செய்தார். அது வந்த பிறகுதான் பெரிய இறக்கங்களைத் துணிந்து கட்டினார்கள்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது தெரியுமா? ரஷ்யாவின் பனிக் குன்றுகளில். குளிர்காலத்தில் மரச் சட்டங்களின் மேல் பனியை உறைய வைத்துச் சறுக்குவார்களாம். 1817 இல் பாரிஸில் அதற்குச் சக்கரம் பூட்டினார்கள். பிறகு 1884 இல் நியூயோர்க்கின் கோனி தீவில் தொம்சன் என்பவர் ஒன்றைக் கட்டினார். டிக்கட் 5 சதம். வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர் அளவில், அதாவது நாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகம். அதற்கே சனம் அலைமோதியது. இதில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் ரோலர் கோஸ்டரை "ரஷ்ய மலைகள்" என்கிறார்கள், ரஷ்யர்களோ அதை "அமெரிக்கக் குன்றுகள்" என்கிறார்கள். பிடிக்காத பிள்ளையை ஆளுக்காள் அடுத்த வீட்டில் தள்ளிவிடுகிற மாதிரி!

அந்தப் பூங்காவெங்கும் ஒரு கறுப்புக் குதிரையின் படம் இருக்கும். அதுவும் ஓர் உம்மாவின் கதை. முதலாம் உலகப் போரில் இத்தாலியின் பேர் பெற்ற விமானி பிரான்செஸ்கோ பராக்கா. தன் விமானத்தில் பாயும் குதிரை ஒன்றை வரைந்து வைத்திருந்தார். 1918 இல் போரில் இறந்தார. 1923 இல் கார்ப் பந்தயம் ஒன்றில் வென்ற என்சோ பெராரியிடம், அந்த விமானியின் தாயார், "என் மகனின் குதிரையை உன் காரில் போட்டுக்கொள்" என்ற கருத்தில் சொன்னாராம். பெராரியே பிற்காலத்தில் கூறிய விபரம் இது. கோடிக்கணக்கில் விலை போகும் கார்களில் ஓடிக்கொண்டிருப்பது மகனை இழந்த ஒரு தாய் கொடுத்த அடையாளம். அங்குள்ள இன்னொரு வண்டிக்கு அந்த விமானியின் நினைவாகத்தான் பெயரும் உருவமும் கொடுத்திருக்கிறார்கள். பேரனுக்கு இதைச் சொன்னேன், அவனுக்கு ஐஸ்கிறீமில்தான் கண்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

மகள் வழக்கம்போல் பைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மருமகனும் பேத்தியும் ஏறி வந்தார்கள். இரண்டாம் முறையும் போக ஆயத்தமானார்கள். நான் சொன்னேன்: "மகள், நீங்க போங்க. பேக்கெல்லாம் நான் பாத்துக்கொள்றன்." "எனக்கு ஏலா உம்மா, பயம்" என்றாள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து நான் கெஞ்சி இறக்கிய பிள்ளை இவள். பயம் எப்போது வந்தது? பிள்ளை பெற்ற பிறகு, "எனக்கு ஏதும் நடந்தால் இதுகளை யார் பார்ப்பது" என்ற எண்ணத்தோடு வந்திருக்க வேண்டும். அது பயமல்ல, பொறுப்பு. ஆனால் பொறுப்பென்று சொல்லிச் சொல்லியே சில பெண்கள் சிரிக்கவும் மறந்துபோகிறார்கள். மருமகன் நல்ல மனிதர், ஒரு சொல்லும் பேசாமல் பைகளைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவள் போனாள். திரும்பி வந்தபோது கண்ணாடி மாட்டிய தடம் முகத்தில், வாயெல்லாம் சிரிப்பு, கால் மட்டும் நடுக்கம். பேத்தி உம்மாவின் கையை விடவே இல்லை.

பிறகு நானும் ஏறினேன். 240 இல் அல்ல. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கமாகப் பந்தயம் ஓடுகிற மாதிரி இன்னொன்று உண்டு, வேகம் 95. ஐம்பத்தெட்டு வயதுக்கு அது போதும். போவதற்கு முன் டொக்டரிடம் பிறஷரைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

சகோதரிகளே, இதில்தான் நாம் கவனிக்க வேண்டியவை உண்டு. இருதய நோய், கூடிய பிறஷர், கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்கள், அண்மையில் சத்திர சிகிச்சை செய்தவர்கள் ஏறக் கூடாது. கர்ப்பிணிகள் அறவே கூடாது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். புதிதாகக் கல்யாணம் முடித்த பிள்ளை, நாள் தள்ளிப்போயிருக்கிறது, இன்னும் மாமியிடம்கூடச் சொல்லவில்லை. மச்சான்மாரும் மதினிமாரும் "வாங்க, வாங்க, பயந்தாங்கொள்ளி" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவள் என்ன காரணம் சொல்வாள்? "எனக்கு வேணாம்" என்று ஒரு பெண் சொன்னால் அங்கேயே விட்டுவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் வர வேண்டும். ஏன் என்ற கேள்வியே வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். அழுகிற ஆண் பிள்ளையைப் "பொம்பிளைப் பிள்ளை மாதிரி" என்று கேலி செய்து ஏற்றுவதில் இரண்டு பேருக்கு அவமானம் இருக்கிறது.

அடுத்தது நம் உடை. 2010 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஸ்டீவன்ஸில், உல்லாசமாகக் கோ-கார்ட் ஓட்டிய ஒரு முஸ்லிம் பெண்ணின் துணி சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கி அவர் மௌத்தானார். 2018 பெப்ரவரியில் இந்தியாவின் ஹரியானாவில் இன்னொரு பெண்ணின் நீண்ட கூந்தல் அதே மாதிரிச் சக்கரத்தில் சிக்கியது. அவரும் பிழைக்கவில்லை. ஆகவே தொங்கும் துணி, தொங்கும் கூந்தல் இரண்டும் ஒன்றுதான். 2011 ஆகஸ்ட் 30 ஆம் திகதி, நோன்புப் பெருநாளன்று, நியூயோர்க் மாநிலத்தின் ரை பிளேலாண்ட் பூங்காவுக்கு மூவாயிரம் அளவில் முஸ்லிம்கள் போனார்கள். தலையில் எது அணிந்திருந்தாலும் சில வண்டிகளில் ஏற விட மாட்டோம் என்று நிர்வாகம் தடுக்க, வாக்குவாதம் கைகலப்பாகிப் பதினைந்து பேர் கைதானார்கள். ஏற்பாட்டாளர்களுக்கு முன்பே சொன்னோம் என்றது நிர்வாகம். வந்த பெண்கள் பலருக்கு அது தெரியாது. பெருநாள் உடுப்போடு பொலிஸ் வண்டியைப் பார்த்த பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. எந்தப் பூங்காவானாலும் டிக்கட் எடுக்கும் முன் தலை உடை பற்றிக் கேளுங்கள். ஊசி குத்திய ஸ்காப் வேண்டாம். விளையாட்டு வீராங்கனைகள் அணிகிற, தலையோடு ஒட்டிய, ஊசியில்லாத வகையை அணிந்து, முனைகளை உடுப்புக்குள் செருகிக்கொள்ளுங்கள். அகன்ற அபாயாவுக்குப் பதில் நீண்ட சட்டையும் களிசானும் வசதி. மகள் அப்படித்தான் போயிருந்தாள், யாரும் தடுக்கவில்லை.

இன்னொன்று. வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் எல்லோரும் கூக்குரலிடுவார்கள். பாதை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு வண்டிதான் நிற்கலாம், முன்னால் வண்டி இருந்தால் பின்னதைக் கணினி நிறுத்திவிடும். நிற்பது பெரும்பாலும் பாதுகாப்பு. 2015 ஜூன் 2 ஆம் திகதி இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் நடந்தது இதற்கு எதிர்மாறு. வெற்று வண்டியொன்று பாதையில் நின்றதால் கணினி பதினாறு பேர் இருந்த வண்டியை நிறுத்தியது. வேலையாட்கள் கோளாறென்று எண்ணிக் கணினியின் தடையை நீக்கி அனுப்பிவிட்டார்கள். இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கொரு கால் இழந்தார்கள். உரிமையாளர் நிறுவனத்துக்கு 2016 இல் நீதிமன்றம் 50 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. இடையில் நின்றால் கையை உள்ளே வைத்து, பூட்டைத் தொடாமல், பேசாமல் இருங்கள்.

நம் ஊர்க் கார்னிவல்களில் ஒரே இரவில் பூட்டி எழுப்புகிற ராட்டினங்களுக்கு இந்தக் கணினியெல்லாம் இல்லை. பிள்ளையை ஏற்றும் முன் ஒரு சுற்று நின்று பாருங்கள். குறுக்குக் கம்பி ஒவ்வொன்றையும் ஆள் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, இயக்குகிறவர் பெரியவரா, இல்லை கைத்தொலைபேசியில் கண் வைத்த பொடியனா? திருப்தி இல்லையென்றால் காசு போனாலும் பரவாயில்லை, இறக்கிவிடுங்கள்.

படத்தைப் பற்றி ஒரு சொல். இப்படியான பூங்காக்களில் வண்டி பாய்கிற நேரம் கெமரா நம்மைப் படம் பிடித்து, வெளியே வரும் வழியில் திரையில் காட்டி விற்கும். ஸ்காப் ஒதுங்கி, வாய் பிளந்து நாம் நிற்கும் கோலம் ஊரெல்லாம் பார்க்கும். வாங்கக் கட்டாயமில்லை, விருப்பமில்லையென்றால் திரையிலிருந்து எடுக்கச் சொல்லி அங்குள்ள பெண் பிள்ளையிடம் தயங்காமல் கேட்கலாம். மகளின் படத்தில் ஒன்றும் குறையில்லை, கண் மட்டும் இறுக மூடியிருந்தது. விலையைப் பார்த்துவிட்டு "வேணாம்" என்றாள். மருமகன்தான் வாங்கினார். பைகள் அப்போதும் அவர் தோளில்தான்.